ஒற்றைக் கொம்பு

1

இந்தக் கதையை நான் திருடினேன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பட்டறையில் என் காரின் சைலன்சருக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து மேசைமேல் வேலை நோட்டு விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் தானாகப் புரண்டு, ஒரு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் வந்து நின்றன. அடுத்தவர் எழுதியதைப் படிப்பது தப்பு என்று தெரியும். படித்தேன்.

மமதா மேடம். பின்னாடி கெட்டியா இருக்காம். நேத்தவிட.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்த மூன்று பக்கங்களும் வெற்றுப் பக்கங்கள். பிறகு அதே கையெழுத்து தொடர்கிறது, ஆனால் வேறு மாதிரி. எப்படி வேறு மாதிரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது "நேத்தவிட" என்ற சொல். ஒரு பொருள் நேற்று எவ்வளவு கெட்டியோ இன்றும் அவ்வளவுதானே கெட்டி? இரும்பு இரவில் வளருமா?

நிமிர்ந்தபோது நோட்டுக்குச் சொந்தக்காரி எதிரில் நின்றாள். முப்பது வயதிருக்கும். திருடியது பிடிபட்ட அவசரத்தில், "இது என்ன வேலைங்க?" என்று கேட்டேன்.

"சப் ஃப்ரேமுக்கு ரப்பர் எடுத்துட்டுக் கெட்டி புஷ் போட்டது."

"அப்புறம் அந்தக் கார் என்னாச்சு?"

அவள் நோட்டை மூடி டிராயருக்குள் வைத்தாள். அவ்வளவுதான்.

அவளுக்கு ஜானகி என்று பெயர் வைக்கிறேன். கணவனுக்குச் சண்முகம். ஊர் விருத்தாசலம், பெங்களூருக்கு வந்து அவளுக்குப் பதினோரு மாதம், அவனுக்குப் பத்து வருடம். ஆண்டு 2003, மலையில் மழை இன்னும் விடாத அக்டோபர். காரின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒன்பது நாள் ஸ்டாண்டின்மேல் நின்ற கார் தரையில் இறங்கும்போது ஒரு பெருமூச்சு" – நிறுத்திவிட்டேன். கார் பெருமூச்சு விடாது. விடுவதாக எழுதினால் வாசிப்பவர் என்னை நம்ப மாட்டார்.

இரண்டாவது தொடக்கம்: "ஜானகிக்குக் கன்னடம் தெரியாது." இது நல்ல வாக்கியம். இதை வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு.

மூன்றாவது, விளக்கத்தில் தொடங்குவது. காரின் பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு சப் ஃப்ரேம் என்று பெயர். அது காரின் உடம்போடு நான்கு இடத்தில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். இரும்பும் இரும்பும் நேராக இடித்துக்கொள்ளாமலிருக்க, ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் உருளை. அதுதான் புஷ். ரோட்டின் பள்ளமும் மேடும் முதலில் அந்த ரப்பருக்குத்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மிச்சம்தான் வரும்.

மமதாவின் கார், இப்போது சகலேஷ்புரத்தில் இருக்கும் அவள் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ரப்பருக்குப் பன்னிரண்டு வயது. பிளந்து, நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்தது. திருப்பங்களில் காரின் முன்பக்கம் ஒரு முடிவு எடுத்தால் பின்பக்கம் தனியாக ஒரு முடிவு எடுத்தது. புது ரப்பர் வர எட்டு வாரம் ஆகும் என்றார்கள். அவளுக்கோ தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிவரை போய்வர வேண்டும். அதனால் சண்முகம், ரப்பரே இல்லாத முழு அலுமினிய உருளைகளை ஜோகுபாளையத்தில் லேத் வைத்திருக்கும் கோவிந்தனிடம் கடையக் கொடுத்தான். அதற்கு அவன் வைத்த பெயர் கெட்டி புஷ்.

செய்தித்தாளில் சுற்றி அந்த நாலு உருளைகளையும் கோவிந்தனே கொண்டுவந்தார். மேசைமேல் வைத்துவிட்டுக் காரைச் சுற்றி வந்தார்.

"இன்னா குரு, அந்தம்மா ரேஸுக்கா போறாங்க?"

"ஆபீஸுக்குண்ணே."

"ஆபீஸ் வண்டிக்கு இதப் போட்டா, ரோட்ல கெடக்குற பீடித் துண்டுமேல ஏறுனாலும் சீட்ல தெரியும்."

"தெரியட்டுமே. இப்ப பின்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாம ஓட்டுறாங்க. அது நல்லதா?"

"அது சரி. ஆனா ரப்பர் அடி வாங்கிக்கும். இது வாங்காது, அப்பிடியே பாடிக்குக் குடுத்துடும். பாடி கெட்டியா இருக்கணும். போல்ட் போற எடத்துல எல்லாம் சுரண்டிப் பாத்தியா?"

"பாத்தாச்சுண்ணே."

சுரண்டவில்லை. ஜானகிக்கு அது தெரியும், ஏனென்றால் காருக்கு அடியில் அவன் படுத்திருந்தபோது விளக்கு பிடித்தவள் அவள்தான். இடது பின்பக்க போல்ட்டுக்கு மேலே, கறுப்புப் பூச்சில், விரல் நீளத்துக்கு ஒரு கோடு. தலைமுடி ஒட்டியிருப்பது போல.

"அது என்னங்க கோடு?"

"பெயின்டு வெடிச்சிருக்கு. லைட்ட நேராப் புடி."

அவள் நேராகப் பிடித்தாள். நேராகப் பிடித்ததும் கோடு தெரியவில்லை. சாய்வாக வெளிச்சம் விழும்போதுதான் அது தெரிந்தது.

(இந்த வரியை எழுதியாகிவிட்டது. இனிமேல் இந்தக் கார் எங்கே போனாலும் அந்தக் கோடும் கூடப் போகும்.)

3

பட்டறையில் ஜானகியின் வேலை, ஃபோன் எடுப்பதும் நோட்டு எழுதுவதும்.

"என்னம்மா வேல பாத்து வச்சிருக்கான் உன் வூட்டுக்காரன்? பிரேக்க அமுக்குனா கார் ஆடு மாதிரி கத்துது" என்று ஒருவர் ஃபோனில் கத்தினால், நோட்டில் அவள் எழுதுவது: "பிரேக் கொஞ்சம் பாக்கணும்."

சண்முகம் கெட்டவன் இல்லை. ஆனால் குறை கேட்டால் அவன் முகம் இறுகிவிடும். குறை சொன்னவர் எதிரில் இருக்க மாட்டார், ஜானகிதான் இருப்பாள். "நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?" என்பான். அப்புறம் அன்று முழுக்க ஸ்பேனர்கள் தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் வந்த நாலாவது மாதத்துக்குள் எந்தச் சொல்லை எவ்வளவு தேய்த்தால் அவன் தாங்குவான் என்று கற்றுக்கொண்டாள்.

(இங்கே "ஜானகியும் ஒரு ரப்பர் புஷ்தான்" என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்ததை உங்களிடம் சொல்லியும்விட்டேன். அப்படியானால் அடிக்கவில்லை.)

பட்டறை ஃபோனில் வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி கிடையாது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பக்கத்து பூத்திலிருந்துதான் அம்மாவுடன் பேசுவாள். பூத்தை நடத்துவது சந்திரம்மா. நாள் முழுக்க அடுத்தவர்களின் உரையாடலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர், அதனால் அவரே ஒரு ஸ்பீக்கர் போலத்தான் பேசுவார். ஜானகிக்கு மெல்லிய குரல். முதல் வாரமே சந்திரம்மா கண்ணாடிக் கதவைத் தட்டிச் சொன்னார்:

"கட்டியாகி மாத்தாடம்மா, ஆ கடெ கேளிசல்ல."

சத்தமாகப் பேசும்மா, அந்தப் பக்கம் கேட்காது என்று அர்த்தம். கன்னடத்தில் கட்டி என்றால் உறுதி. கட்டி என்றால் உரத்த சத்தமும்தான். ஜானகி குரலை உயர்த்தினாள்.

பூத்துக்குக் கொஞ்சம் உயிர் வரட்டுமே என்று சேர்த்த வசனம் இது. வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

வியாழக்கிழமை மாலை மமதா காரை எடுக்க வந்தாள். தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவளின் முகம் மலர்ந்திருந்தது. இனி ஏதாவது இருந்தால் மேசையில் இருப்பவரிடமே சொல்லலாமா என்று கன்னடத்தில் கேட்டாள். சண்முகம் சிரித்தான்.

"அவளிகே கன்னட பரல்ல மேடம். சும்னே டைம்பாஸ்கெ கூத்திர்த்தாளே."

அவளுக்குக் கன்னடம் வராது, சும்மா பொழுது போக்க உட்கார்ந்திருக்கிறாள்.

"பர்வாகில்ல, நிதானவாகி ஹேள்தீனி" என்றாள் மமதா. பரவாயில்லை, நிதானமாகச் சொல்கிறேன்.

ஜானகி பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

4

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. சண்முகம் கோவிந்தனின் லேத்துக்குப் போயிருந்தான். ஃபோன் அடித்தது.

மமதா ஆபீஸ் வாசலிலிருந்து மொபைலில் பேசினாள். பின்னால் கம்பெனி வண்டிகளின் ஹாரன். சொன்னபடியே நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"ஹிந்தெ ... கட்டியாகி பர்த்தா இதெ. நென்னெகிந்த கட்டி. அவரிகே ஹேளி."

புள்ளி வைத்த இடத்தில் ஒரு நீள ஹாரன். பின்னால், ஏதோ ஒன்று, கட்டியாக வருகிறது. நேற்றைவிடக் கட்டி. அவரிடம் சொல்லுங்கள்.

"ஆ, மேடம்" என்றாள் ஜானகி.

"நாளெ பெளிகே மங்களூரிகே ஹோக்தா இதீனி. அம்மன கர்க்கொண்டு."

நாளைக் காலை மங்களூர் போகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

போகிறேன் என்று ஒருவர் சொன்னால், போய்ட்டு வாங்க என்று சொல்லத்தானே வாய் பழகியிருக்கிறது? ஜானகியின் வாயில் முழுசாக வரும் கன்னட வாக்கியம் அது ஒன்றுதான்.

"ஹோகி பன்னி, மேடம்."

அந்தப் பக்கம் மமதாவின் குரல் லேசானது.

"ஓ, ஹௌதா? சரி. தேங்க்ஸ்."

ஓ, அப்படியா. மெக்கானிக் பட்டறையிலிருந்து, போகலாம் என்று சொல்லியாகிவிட்டது.

ஜானகி நோட்டில் எழுதினாள். அந்த வரியை நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

ஏழு மணிக்குத் திரும்பிய சண்முகம் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியா, கெட்டியா இருக்காம். கோவிந்தண்ணன் என்னா பேச்சு பேசினாரு." சாப்பிடும்போது இன்னொரு தரம் சொன்னான். கல்யாணமான புதிதில் பேசியதுபோலப் பேசினான். "இனிமே இந்த மாதிரி வேலயெல்லாம் எடுக்கலாம் ஜானு. பேர் வரும்."

அவள் அவனுக்கு இன்னொரு தோசை வார்த்தாள்.

5

சனிக்கிழமை பத்து மணி. பூத். இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதினேன்.

முதல் தடவை எழுதியது: ஜானகி அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். சந்திரம்மா வழக்கம்போலக் கண்ணாடியைத் தட்டி, "கட்டியாகி மாத்தாடம்மா" என்கிறார். ரிசீவர் ஜானகியின் கையில் நின்றுவிடுகிறது. கட்டி என்றால் கெட்டி இல்லை, சத்தம் என்று அப்போதுதான் அவளுக்கு

எழுத முடியவில்லை. "அப்போதுதான்" என்ற சொல் பேனாவில் சிக்கிக்கொண்டது.

மூன்றாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன். முதல் வாரமே சந்திரம்மா அதைச் சொன்னார், ஜானகி குரலை உயர்த்தினாள். அர்த்தம் தெரியாதவள் எப்படிக் குரலை உயர்த்துவாள்? அப்புறம் பதினோரு மாதம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, அதே கண்ணாடி, அதே தட்டல், அதே சொல்.

மூன்றாம் பகுதியிலிருந்து அந்த வசனத்தை எடுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. எடுத்தால் ஜானகி அப்பாவி. மொழி தெரியாத ஊரில் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்ட பெண். எடுத்துப் பார்த்தேன். கதை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டு சுத்தமாக இல்லை.

முதல் பகுதியில் அந்த வரியை உங்களுக்குச் சுத்தப்படுத்திக் காட்டினேன். நான் பார்த்தது அப்படி இல்லை. தமிழில் "கெ" எழுத வேண்டுமானால் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ககரத்துக்கு வருவோம். அந்த நோட்டில் அந்தச் சொல் புது வரியில் தொடங்கியது. ககரம் ஓரக் கோட்டை ஒட்டி, தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. கொம்பு கோட்டைத் தாண்டி, வெளியே, நெருக்கித் திணித்ததுபோல இருந்தது. முதலில் "கட்டி" என்று எழுதியிருக்கிறாள். அப்புறம்தான் கொம்பு வந்திருக்கிறது.

கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டு, தப்பாக எழுதிவிட்டோமே என்று திருத்தியிருக்கலாம். அப்படியும் இருக்கலாம் என்று எனக்கு நானே மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன்.

ஆகவே இரண்டாம் பகுதியில் வைத்துக்கொண்ட வாக்கியத்தை இப்போது திருப்பிக் கொடுக்கிறேன். ஜானகிக்குக் கன்னடம் தெரியும்.

எப்போது தெரிய ஆரம்பித்தது என்பது அவளுக்கே தெரியாது. வந்த புதிதில், சந்திரம்மாவின் அந்த ஒரு சொல்லைத் தவிர, நிஜமாகவே தெரியாது. பிறகு ஒருநாள் காய்கறி வண்டிக்காரனும் பக்கத்து வீட்டுக்காரியும் போடும் சண்டை, சண்டையாகக் கேட்பதை நிறுத்திவிட்டு வார்த்தையாகக் கேட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் சண்முகம் அவள் எதிரிலேயே அவளைப் பற்றி மற்றவர்களிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்தான். அதற்கப்புறம் சொல்ல முடியாமல் போயிற்று. தெரியும் என்று சொன்னால், இதுவரை கேட்டதையெல்லாம் கேட்டேன் என்று சொன்னதாகிவிடும். அவளுக்கும் அது ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. தெரியாதவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

அதனால் வெள்ளிக்கிழமை மாலை நடந்தது மறதியோ மயக்கமோ இல்லை. "சத்தமாம்" என்று எழுதினால் ஸ்பேனர்கள் தரையில் விழும். ஒரு கொம்பு போட்டால் விழாது. ஒரு கொம்புதானே. திங்கட்கிழமை மேடமே கொண்டுவந்து காட்டுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். மங்களூர் என்ற சொல்லை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது அது கணக்கில் வந்து சேர்ந்தது. ஆறு மணிக்குக் கிளம்பியிருப்பார்கள். அம்மாவும் பக்கத்து சீட்டில். எட்டு மணிக்குப் பட்டறையைக் கூட்டும்போது, காருக்கு அடியில் பார்த்த கோடு விளக்குமாற்றின் ஒவ்வொரு ஈர்க்குச்சியிலும் தெரிந்தது. பத்து மணிவரை அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாலு மணி நேரம்.

பத்து மணிக்கு பூத்தில் அம்மாவிடம், "எல்லாம் நல்லா இருக்கோம்மா" என்றாள். குரல் வெளியே வரவில்லை.

சந்திரம்மா கண்ணாடியைத் தட்டினார். "கட்டியாகி, கட்டியாகி. ஏனாயித்து நிங்கெ இவத்து?" இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு?

ஜானகி ரிசீவரை வைத்தாள்.

6

பெங்களூரிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பிய கார் பத்து மணிக்கு ஹாசனைத் தொடும். பதினொன்றுக்கு சகலேஷ்புரம். அதற்கப்புறம் சிராடி காட் என்னும் மலை இறக்கம், மழையில் அரித்த ரோடு, ஒவ்வொரு பள்ளத்திலும் அடி நேராக உடம்புக்குப் போகும் ஒரு கார். அடி வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரை எடுத்தாகிவிட்டது.

மமதாவின் மொபைலுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் கன்னடத்தில் சொன்னாள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் புரிந்தது.

சண்முகம் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன.

"என்னங்க."

"ம்."

"மமதா மேடம் சொன்னது கெட்டின்னு இல்ல. சத்தம்னு."

"என்ன சத்தம்?"

"பின்னாடி சத்தம் வருதாம். முந்தின நாள விட அதிகமா."

படுத்திருந்த பலகையோடு அவன் வெளியே உருண்டு வந்தான். முகத்தில் கிரீஸ். "அப்ப ஏன் கெட்டின்னு எழுதின?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சந்திரம்மா ஏதாச்சும் அர்த்தம் சொன்னாங்களா?"

"இல்ல. மேடம் இன்னிக்கு மங்களூர் போறாங்க. மல எறங்குவாங்க. அவங்க மாமா வீடு சகலேஷ்புரத்துல மெயின் ரோட்டு மேலேயே இருக்கு. நம்பர் நோட்டுல இருக்கு. போன் பண்ணுனா வழியில நிறுத்திடுவாரு."

"என்னன்னு சொல்லச் சொல்ற? நான் பண்ணுன வேல சரியில்ல, கார நிறுத்துங்கன்னா? எதுக்கு? என் பொண்டாட்டிக்கு ஒரு வார்த்த புரியலங்கறதுக்கா?" அவன் எழுந்து உட்கார்ந்தான். குரல் இறங்கியது. "உனக்குக் கன்னடமே வராது ஜானகி. லைன்ல என்னமோ கேட்டுது, நீ ஒண்ணு எழுதின, இப்ப ஒண்ணு தோணுது. சரியாக் கேக்கலன்னு சொல்லு. வுட்டுரு. ராத்திரி அவங்களே பேசுவாங்க."

கதவு திறந்திருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லி, உள்ளே போய், சாதம் வைக்கலாம். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. கன்னடம் தெரியாதவள் சொல்வதை வைத்து அவன் ஃபோன் பண்ண மாட்டான். தெரிந்தவள் சொன்னால் பண்ணுவான்.

"அந்தக் கோடு பெயின்டு இல்லங்க" என்றாள்.

"எந்தக் கோடு?"

"லைட்டு புடிச்சது நான்தான்."

அவன் கை துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

அப்போது ஜானகி பேசினாள். மமதா பேசிய அதே நிதானத்தில், ஒவ்வொரு சொல்லாக, மமதாவின் ஏற்ற இறக்கத்தோடு.

"'ஹிந்தெ சவுண்டு கட்டியாகி பர்த்தா இதெ. நென்னெகிந்த கட்டி. அவரிகே ஹேளி.' இதத்தான் சொன்னாங்க. நாளைக்கு மங்களூர் போறேன்னாங்க. நான் 'ஹோகி பன்னி'ன்னேன். சரின்னு நெனச்சுக்கிட்டாங்க."

சண்முகம் எழுந்து நின்றான்.

"வியாழக்கிழம நீங்க ஒண்ணு சொன்னீங்க. 'அவளிகே கன்னட பரல்ல மேடம். சும்னே டைம்பாஸ்கெ கூத்திர்த்தாளே.' அதுவும் எனக்குக் கேட்டுது. இப்பவாச்சும் போன் பண்ணுங்க."

(அவள் சொன்னதில் ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. சவுண்டு. நான்காம் பகுதியைத் திருப்பிப் பாருங்கள், அந்த இடத்தில் மூன்று புள்ளிகள்தான். ஹாரன் என்று சொன்னேன். அதைச் சொன்னது நான், அவள் இல்லை. அவளைக் காப்பாற்ற என்னால் முடிந்தது மூன்று புள்ளிகள்.)

சண்முகத்தின் முகத்தில் இரண்டு பயங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று கார். இன்னொன்று, பதினோரு மாதம் இந்த மேசைக்கு முன்னால் நின்று தான் பேசியதெல்லாம். எது முதலில் வந்தது என்று ஜானகியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் மேசைக்குப் போனான். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பட்டறை ஃபோனில் எஸ்.டி.டி. போகாது என்பது ரிசீவரை எடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நோட்டோடு பூத்துக்கு ஓடினான். ஜானகியும் போனாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. நின்றார்கள். அவன் எண்களை அழுத்தினான். கை வழுக்கி ஒரு எண் தப்பாகி, மறுபடி முதலிலிருந்து அழுத்தினான். ரிசீவரில் கிரீஸ் ஒட்டியது. அந்தப் பக்கம் மணி அடிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது.

சந்திரம்மா வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டவில்லை.

7

மணி அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு வாரமாக அடிக்கிறது. நான் எடுக்க யாரையும் அனுப்பவில்லை.

மாமா எடுக்கிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். மழையில் குடையோடு ரோட்டுக்கு வந்து கை காட்டுகிறார். காரை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் விரல் நீளக் கோடு கை நீளமாகி, வாய் பிளந்திருக்கிறது. மமதாவின் அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். நல்ல முடிவு. எல்லோருக்கும் உயிர் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தக் குடையின் மேல் நம்பிக்கை இல்லை.

யாரும் எடுக்கவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். மாமா தோட்டத்துக்குப் போயிருக்கிறார், காலி வீட்டில் மணி அடிக்கிறது, அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் கடந்து – வேண்டாம். அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

ஒருநாள் இப்படியும் தோன்றியது. சத்தம் சப் ஃப்ரேமிலிருந்து வரவே இல்லை. டிக்கியில் உருளும் ஜாக்கிக் கம்பி. கோடு வெறும் பெயின்டு. கார் சௌக்கியமாக மங்களூர் போய்ச் சேருகிறது. பூத்துக்குள் நிற்கும் இரண்டு பேருக்கும் அதனால் என்ன ஆகும்? அவள் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. இந்த முடிவுதான் மற்ற இரண்டையும்விட என்னைப் பயமுறுத்தியது.

மூன்று வெற்றுப் பக்கங்கள் எல்லா முடிவுக்கும் பொருந்துகின்றன. பட்டறையை மூடிவிட்டு மங்களூர் ஓடியிருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கலாம். ஒருவரோடொருவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு கையெழுத்து வேறு மாதிரி இருந்தது என்றேன் அல்லவா? எழுத்து அதேதான். எழுதியிருந்ததுதான் வேறு. "பிரேக் கொஞ்சம் பாக்கணும்" போல ஒரு வரிகூட இல்லை. "இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்" என்று இருந்தது. "உன் புருஷனுக்கு ஸ்பேனர் யார் குடுத்தது" என்று இருந்தது. கன்னடத்தில் சொன்னதைத் தமிழ் எழுத்தில் அப்படியே, ஒரு பக்கத்தில் நாலைந்து இடங்களில். சொன்னவர் பெயர், நேரம். ஒரு திருத்தம்கூட இல்லை. இருவரும் இன்னும் அதே பட்டறையில்தான் இருந்தார்கள், என் சைலன்சருக்கு வெல்டிங் வைத்தவன் அவன்தான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது.

முதல் பகுதியில், அந்தக் கார் என்னாச்சு என்று நான் கேட்டதும் அவள் நோட்டை டிராயருக்குள் வைத்தாள், அவ்வளவுதான் என்று எழுதினேன். அதையும் தேய்த்துத்தான் கொடுத்திருக்கிறேன். டிராயரைப் பூட்டிவிட்டு அவள் என்னை நேராகப் பார்த்தாள். அதுவரை என்னோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் கன்னடத்தில் சொன்னாள்:

"கேளிஸ்லில்ல. கட்டியாகி ஹேளி."

வெல்டிங் முடிந்திருந்தது. மின்விசிறியைத் தவிர அங்கே எந்தச் சத்தமும் இல்லை. நான் மெல்லப் பேசுகிறவளும் இல்லை. அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது உங்களுக்கே தெரியும். நான் மறுபடி கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பட்டறை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போய்க் கேளுங்கள். கட்டியாக, கொம்பு போடாமல்.